கைக்குழந்தையோடு தனியாக விமானம் ஏறுவது எப்படி: பிரசவம் முடிந்து திரும்பும் அம்மாக்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டு, மூன்று மாதத்திலோ ஐந்து மாதத்திலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ தனியாகத் திரும்பும் பெண்களைச் சென்னை, திருச்சி விமான நிலையங்களில் அடிக்கடி பார்க்கலாம். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வந்திருப்பார்கள். வாசலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனதும் கூட யாரும் இல்லை. ஒரு கை குழந்தைக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் கையால்தான் பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும், டிரேயில் பையை வைக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், ஒரு வாய் தண்ணீரும் குடிக்க வேண்டும்.

அதனால் இதில் சொல்லியிருப்பதையெல்லாம் ஒரே கேள்வியை வைத்துத்தான் சலித்திருக்கிறேன்: ஒரு கையால் செய்ய முடியுமா? முடியாத பொருள் பையில் வேண்டாம். முடியாத வேலையை ஏர்போர்ட்டுக்கு மிச்சம் வைக்க வேண்டாம். கணவரோ மாமியாரோ கூட வருகிறார்கள் என்றால், சரி, உங்களுக்கு இன்னும் சுலபம்.

1. காகித வேலை: குழந்தை பிறந்த கையோடு தொடங்குங்கள்

பயணம் தள்ளிப்போவது பெரும்பாலும் குழந்தையின் உடம்பால் அல்ல, பிறப்புச் சான்றிதழால். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெரும்பாலும் பெயர் இருக்காது. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணமும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட் வேண்டுமென்றால் அதுவரை காத்திருக்க முடியாது. ஜோசியர் எழுத்து சொல்லி, இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டு, பெயர் முடிவாவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும் வீடுகள் உண்டு. பெயர் வைக்கும் விழா எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், சான்றிதழில் பெயர் ஏறிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் நம் ஊர் இனிஷியல். அப்பா பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, அம்மா ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் முதலில் சான்றிதழைத் திருத்துங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரை விரித்துப் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம்மவர்கள் பலர் பதறிப் போனார்கள். குழந்தைக்குப் புதிதாகத்தானே எடுக்கிறோம், அந்தத் தலைவலியை இப்போதே ஒழித்துவிடலாம்.

பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி, அதாவது பெற்றோரின் உறுதிமொழிப் படிவம், வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு அப்பாயின்ட்மென்ட், கூரியர் என்று நாள் பிடிக்கும். குழந்தையைப் பார்க்க அவர் ஊருக்கு வரும் அந்த வாரத்திலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் தேதி வாங்கி மூன்று பேருமாகப் போய்விடுவதுதான் சுலபமான வழி. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த 4.5 x 3.5 சென்டிமீட்டர் படம் நீங்களே கொண்டுபோக வேண்டும். படம் எடுக்கும் அன்று கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிடுங்கள். குழந்தையை வெள்ளைத் துண்டின்மேல் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் தலை சாயாமல் வரும்.

விசா அந்தந்த நாட்டைப் பொறுத்தது. அப்பாவின் விசாவை ஒட்டிக் குழந்தைக்கும் தனியாக வாங்க வேண்டும். அமீரகத்தில் குழந்தைக்குக் குடியிருப்பு விசா எடுக்க இந்தியப் பிறப்புச் சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன் கேட்பார்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். இதற்கும் சேர்த்து நாள் கணக்குப் போடுங்கள்.

தனியாகப் போகிறீர்கள் என்பதால், 'என் மனைவி குழந்தையோடு பயணம் செய்ய எனக்குச் சம்மதம்' என்று அப்பா கையெழுத்திட்ட ஒரு கடிதமும் அவருடைய பாஸ்போர்ட், விசா நகலும் வைத்திருங்கள். நிறைய பேரிடம் கேட்கவே மாட்டார்கள். கேட்கும் அன்று அது கையில் இல்லையென்றால்தான் கஷ்டம்.

2. எந்த வயதில் கிளம்பலாம்

ஆரோக்கியமான குழந்தை பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு பறக்கலாம், 7 நாள் ஆகும்வரை பொறுப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விமான நிறுவனங்கள் ஆளுக்கொரு குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன. ஆனால் பாஸ்போர்ட், விசா எல்லாம் கைக்கு வருவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகிவிடுவதால் இந்தக் கேள்வி நமக்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

என்னைக் கேட்டால் மூன்றிலிருந்து ஆறு மாதம்வரைதான் சரியான காலம். கழுத்து நின்றிருக்கும், தவழத் தொடங்கியிருக்காது, சாப்பாடு பால் மட்டும்தான். 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி வரும். ஊசி போட்ட மறுநாள் டிக்கெட் வேண்டாம், காய்ச்சல் அடங்க இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், அங்கே போனதும் குழந்தை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

குறைமாதக் குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை இருந்த குழந்தை, காதில் சீழ் வந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பது போல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற அழுத்தம்தான், கிட்டத்தட்ட கொடைக்கானல், ஊட்டி உயரம். நல்ல குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது.

உங்கள் உடம்பையும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம் காலில் ரத்தம் உறையும் அபாயம் அதிகம். சிசேரியன் ஆனவர்கள் அந்தக் காலத்தில் நீண்ட பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. எப்போது போனாலும் கனமான பெட்டியை நீங்களே தலைக்குமேல் தூக்காதீர்கள். அதற்கு ஆள் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

3. டிக்கெட்டும் இருக்கையும்

2 வயது முடியாத குழந்தை மடியில் உட்காரலாம். வெளிநாட்டுப் பயணத்தில் அதற்கும் தனி டிக்கெட் உண்டு, பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதமும் வரிகளும். உள்நாட்டில் ஒரு குறிப்பிட்ட தொகை வாங்குவார்கள். டிராவல்ஸ் மூலம் போட்டால், 'குழந்தையின் டிக்கெட் நம்பர் வந்துவிட்டதா?' என்று கேட்டு வாங்குங்கள். புக்கிங்கில் பெயர் இருந்து டிக்கெட் வெளியாகாமல் கவுன்டரில் நிற்க நேர்ந்தால் நள்ளிரவில் யாரையும் பிடிக்க முடியாது. போகும்போது 2 வயது நிறையாமல், திரும்பும்போது நிறைந்துவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கையோடு சைல்ட் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். ஒரே பக்கத்து வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். காரணம் ஆக்சிஜன் மாஸ்க்: மூன்று இருக்கைக்கு மேலே வழக்கமாக நான்குதான் தொங்கும். இது தெரியாமல் தோழியோடு சேர்ந்து உட்கார ஆசைப்பட்டு, ஏறின பிறகு இடம் மாறுகிறவர்கள் உண்டு.

நீண்ட பயணத்துக்கு பாசினெட் கேளுங்கள். முன்சுவரில் மாட்டும் தொட்டில் அது. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 10 முதல் 14 கிலோவுக்குள் இருக்கும். டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேட்டுவிட்டு, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி உறுதி செய்யுங்கள். விமானமே மாறினால் தொட்டிலும் போய்விடும். சில சிறிய விமானங்களில் அது கிடையாது.

பாசினெட்டைப் பற்றிப் பெரிதாகக் கனவும் காண வேண்டாம். சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அப்போதுதான் தூங்கியிருக்கும். முன்சுவர் இருக்கைகளில் கால்மாட்டில் பை வைக்க விடமாட்டார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். கைப்பிடியையும் பல விமானங்களில் தூக்க முடியாது. சிங்கப்பூர், துபாய் போல நாலு நாலரை மணி நேரப் பயணமென்றால் பாசினெட் கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள். பால் கொடுக்க மறைவாக இருக்கும் ஜன்னல் இருக்கையே போதும். லண்டன், அமெரிக்கா என்றால் மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள், உங்கள் தோள் தப்பிக்கும்.

நேரம் தேர்ந்தெடுக்கும்போது புறப்படும் நேரத்தை விட, வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். அதிகாலை 2 மணி விமானம் குழந்தை தூங்கும் நேரம் என்று தோன்றும். ஆனால் குழந்தை தூங்க வேண்டிய 10 மணியிலிருந்து 2 மணிவரை வரிசையில், வெளிச்சத்தில், அறிவிப்புச் சத்தத்தில் இருக்கும். இரவு 9, 10 மணி விமானம் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது எடுங்கள். மாறிச் செல்லும் விமானமென்றால் நடுவில் குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும்.

4. தூளிக் குழந்தைக்கு ஒரு வார ஒத்திகை

நம் குழந்தைகளுக்கே உள்ள பிரச்சினை இது. வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்காது. பாட்டி வீட்டில் மூன்று மாதமாக அம்மாவின் பழைய காட்டன் சேலையில் கட்டின தூளியில் ஆடித் தூங்கிய குழந்தை, விமானத் தொட்டிலில் தட்டையாக மல்லாந்து படுக்கச் சொன்னால் கத்தும். உடம்பை அணைத்தபடி இருக்கும் துணியும் ஆட்டமும் இரண்டுமே அங்கே இல்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து பகல் தூக்கத்தில் ஒன்றையாவது பாயிலோ மெத்தையிலோ பழக்குங்கள். முதலில் தூளியில் ஆட்டி, கண் சொருகும்போது இறக்கிக் கீழே போடுங்கள். இரண்டு நாள் கழித்து ஆட்டாமல் மார்பில் தட்டிக்கொடுத்துப் பாருங்கள். இன்னொரு தூக்கத்தை பேபி கேரியரில் பழக்குங்கள், மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை வகைதான் நல்லது. ஏர்போர்ட்டில் உங்களுக்கு இரண்டாவது கையைத் திருப்பித் தரும் ஒரே பொருள் அதுதான். பக்கிளைப் பின்னால் மாட்டும் வகை வாங்காதீர்கள். யார் உதவியும் இல்லாமல் முன்பக்கமே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பாட்டிக்கு வருத்தமாக இருக்கும். "பச்சப்புள்ளய இப்படி தரையில போட்டுப் பழக்குறியே" என்பார்கள். ஒரு வாரம்தான், சமாளியுங்கள்.

5. மூட்டை: மூன்று அடுக்கு

பெட்டியில் போடுவது, தலைக்குமேல் வைப்பது, மடியோடு இருப்பது. மூன்றையும் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

பெட்டி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை, அம்மா கட்டிக் கொடுப்பது. கசகசா அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். பிரசவ லேகியத்திலும் குருமா மசாலாப் பொடியிலும் அது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் ஊரிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டுப் போங்கள். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் எடுத்துப்போக விடமாட்டார்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்பது காரணம். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் சத்துமாவு, ராகி மாவு போன்ற பொடிகளைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். குழந்தைப் பால் பவுடருக்கு விலக்கு உண்டு. மடியில் வரும் குழந்தைக்கும் பல நிறுவனங்கள் 10 கிலோ பெட்டி அனுமதி தருகின்றன. உங்கள் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைக்குமேல் வைக்கும் பை முதுகில் மாட்டும் பையாக இருக்கட்டும். டிராலி வேண்டவே வேண்டாம், அது ஒரு கையைத் தின்றுவிடும். குழந்தைக்கு மூன்று செட் உடை, ஒரு காட்டன் போர்வை, மீதி டயப்பர், உங்களுக்கு ஒரு மேல்சட்டை. இந்தக் கடைசிப் பொருளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழந்தை கக்கினாலும் டயப்பர் கசிந்தாலும் நனைவது நீங்கள்தான். டயப்பர் கணக்கு: வீட்டிலிருந்து வீடுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, தாமதத்துக்கு மேலும் நான்கு.

மடியோடு இருக்கும் பை சின்னது, குறுக்காக மாட்டுவது. அதில் இருக்க வேண்டியவை:

- இரண்டு பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், பேனா, போன்
- ஒரு ஜிப் கவரில் ஒரு டயப்பர், வெட் டிஷ்யூ, விரிக்க ஒரு துணி, அழுக்குக் கவர் (இதே போல் இன்னும் இரண்டு கவர் கட்டி மேல் பையில் வையுங்கள்)
- பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சீட்டும், குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டர் எழுதியது
- மூக்குக்குப் போடும் சலைன் சொட்டு
- மூடியை ஒரு விரலால் திறக்கும் தண்ணீர் பாட்டில், சோதனை முடியும்வரை காலியாக

டயப்பர் கவரை இப்படிக் கட்டினால் கழிவறைக்குப் போகும்போது அதை மட்டும் எடுத்தால் போதும். விமானக் கழிவறையில் பை வைக்க இடமே கிடையாது.

உடைக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு முன்பக்கம் ஜிப் வைத்த காட்டன் உடை போடுங்கள். தலைவழி கழற்றும் சட்டையும் பட்டுப் பாவாடையும் போட்டோவுக்கு இருக்கட்டும். உங்களுக்கு சுடிதார்தான், பெரிய காட்டன் துப்பட்டாவோடு. பால் கொடுக்க மறைப்பு, வெளிச்சத்துக்குத் திரை, குளிருக்குப் போர்வை, எல்லாம் அதுவே. நீளச் சங்கிலி, தொங்கும் கம்மல் எல்லாம் கழற்றிவிடுங்கள், பிடித்து இழுக்கும்.

6. பால்: எப்படிக் கொண்டுபோவது

தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் உங்களைவிட இலேசான மூட்டைக்காரர் விமானத்தில் இல்லை. விமானக் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். குழந்தை வழக்கத்தைவிட அடிக்கடி கேட்கும், உங்களுக்கும் நாக்கு வறளும். ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டு வாங்குங்கள், டிராலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பிழிந்து எடுத்த பாலை அறை வெப்பத்தில், அதாவது 25 டிகிரிவரை, 4 மணி நேரம் வைக்கலாம். ஐஸ் பேக் போட்ட கூலர் பையில் 24 மணி நேரம். நம் ஊர் வெயிலில் காரிலேயே 25 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால் ஐஸ் பேக் கட்டாயம்.

பவுடர் பால் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஆடும் விமானத்தில் ஒரு கையால் கரண்டி கரண்டியாக எண்ணிப் போட முடியாது. காய்ச்சிய வெந்நீரை நல்ல பிளாஸ்கில் எடுத்துப்போங்கள். கலக்கிய பாலை 2 மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம்தான். பாட்டிலைச் சூடாக்க, ஒரு கப் வெந்நீர் கேட்டு அதில் நிறுத்தி வைக்கலாம். கொடுக்குமுன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது வீட்டில் செய்வதுதான்.

வெளிநாட்டு விமானத்துக்குக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப்போகலாம். ஆனால் பையின் அடியில் புதைக்காமல், தனியே எடுத்து டிரேயில் வைத்து, "குழந்தை பால்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. ஏர்போர்ட்டில்

மூன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். வெப் செக்-இன் செய்திருந்தாலும் குழந்தையின் வயதைச் சரிபார்க்கக் கவுன்டருக்கு வரச் சொல்வார்கள். அங்கே மூன்று விஷயம் கேளுங்கள்: பாசினெட் உறுதியா, பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதைத் தடுத்து வைக்க முடியுமா, ஸ்ட்ரோலரை விமான வாசல்வரை கொண்டுபோகலாமா. வாசலில் கொடுத்தால் இறங்கியதும் வாசலிலேயே தருவார்களா, பெல்ட்டில் வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு ஸ்ட்ரோலரைவிட கேரியர்தான் என் ஓட்டு. சோதனையில் ஸ்ட்ரோலரை மடக்கி எக்ஸ்ரேயில் போட வேண்டும், குழந்தையை வைத்துக்கொண்டு மடக்குவது சர்க்கஸ். சிங்கப்பூர் சாங்கியில் உள்ளே ஸ்ட்ரோலர் இலவசமாகவே கிடைக்கும்.

விமான நிலையப் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். சோதனையில் பெண்களுக்குத் தனித் திரை மறைப்பு உண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டே போகலாம். கேரியரைக் கழற்றச் சொல்லலாம். வரிசையில் நிற்கும்போதே போன், பால், லேப்டாப்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, கேரியரைக் கடைசியில் கழற்றுங்கள். குழந்தை இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் கைக்கருவி கூவும், காட்டினால் விட்டுவிடுவார்கள். கைக்குழந்தை இருப்பதைப் பார்த்துப் பல இடங்களில் முன்னால் விடுவார்கள். விடவில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். நம் ஊரில் கைக்குழந்தைக்காரிக்கு 'முடியாது' என்று சொல்கிற வரிசை அபூர்வம்.

போர்டிங் கூப்பிடும்வரை பால் கொடுக்காமல் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். அழைப்பு வருவதற்குச் சற்றுமுன் டயப்பர் மட்டும் மாற்றிவிடுங்கள். ஏன் என்பது அடுத்ததில்.

8. காது

இதுதான் எல்லோரும் பயப்படும் இடம், சரியாகச் செய்தால் பாதி அழுகை நின்றுவிடும். காதின் நடுப்பகுதியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் படுக்கை வாட்டமாகவும் இருக்கும். வெளியே அழுத்தம் மாறும்போது அந்தக் குழாய் திறந்தால்தான் உள்ளே சமமாகும். விழுங்கும்போது அது திறக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம், குழந்தைக்கு அது தெரியாது, நாம்தான் விழுங்க வைக்க வேண்டும்.

மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானாகவே வெளியேறும், அவ்வளவாகத் தொந்தரவில்லை. இறங்கும்போதுதான் வலி. ஆனால் பலர் செய்வது தலைகீழ். ஏறி உட்கார்ந்ததும் குழந்தை சிணுங்க, பயத்தில் பாலைக் கொடுத்துவிடுகிறார்கள். விமானம் ஓடுபாதைக்குப் போகவே அரை மணி ஆகலாம், அதற்குள் குழந்தை குடித்து முடித்துத் தூங்கியிருக்கும். விமானம் வேகமெடுத்து ஓடத் தொடங்கும்போது ஆரம்பித்தால் போதும். ஏற்கெனவே தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

இறங்கும் பயணம் தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி முன்னால் தொடங்கும். என்ஜின் சத்தம் குறையும், விமானத்தின் முகம் லேசாகக் கீழே சாய்வது தெரியும், உங்கள் காதே அடைக்கும். அந்த அடைப்புதான் உங்களுக்கு மணி. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் வயிறு நிறையக் கொடுக்காமல் வைத்திருங்கள். ஒரே மூச்சில் குடிக்கவிடாமல், நடுநடுவே நிறுத்தித் தோளில் போட்டுத் தட்டி, மறுபடி கொடுத்து, தரை தொடும்வரை இழுத்துக்கொண்டு போங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் இந்த முறை மெதுவாக எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பால் வேண்டாமென்றால் சூப்பான். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்ட்ரா கப்பில் தண்ணீர். பாலாடை வேண்டாம், சாய்ந்த விமானத்தில் எல்லாம் கழுத்தில்தான் வழியும்.

மூக்கடைப்பு இருந்தால் இறங்கத் தொடங்குவதற்குச் சற்றுமுன் சலைன் சொட்டு போடலாம். எல்லாம் செய்தும் அழுதால், அழட்டும். அழும்போதும் அந்தக் குழாய் கொஞ்சம் திறக்கும்.

9. நடுவானில்

தூங்க வைக்க மருந்து கொடுக்காதீர்கள். யாராவது ஒரு சளி சிரப்பின் பெயர் சொல்லி, "அரை மூடி கொடு, அங்கே போய்த்தான் கண்ணைத் திறக்கும்" என்பார்கள். அந்த வகையில் வரும் புரோமெத்தசின் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாத மருந்து, மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு. தூக்கத்துக்கென்று ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

குழந்தைக்கென்று உங்கள் பெல்ட்டில் கோத்துப் போடும் சின்ன பெல்ட் தருவார்கள். அமெரிக்க நிறுவனங்களில் அது கிடையாது, அங்கே அனுமதியில்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கேரியரில் கட்டியபடி உட்காரவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். நடுவில் கட்டிக்கொள்ளலாம். உண்மையில் பாதுகாப்பானது தனி இருக்கையில் கார் சீட் போட்டு உட்கார வைப்பதுதான். நீண்ட பயணத்தில் முழு டிக்கெட் கட்டுப்படியாகும் என்றால் யோசியுங்கள்.

டயப்பர் மாற்ற மடக்குப் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது, எதில் இருக்கிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் ஒரு கை குழந்தையின் மார்பிலேயே இருக்கட்டும். புது டயப்பரை முதலில் அடியில் விரித்துவிட்டு, பிறகு பழையதைப் பிரியுங்கள்.

நீங்கள் கழிவறைக்குப் போக வேண்டுமே? கேரியரில் கட்டிக்கொண்டே போவது ஒரு வழி, எலாஸ்டிக் பேன்ட் போட்டிருந்தால் முடியும். பாசினெட்டில் தூங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். பணிப்பெண்ணிடம் வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்துக் கேட்டால் பலர் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டு டிராலி நடைபாதையில் வருவதற்கு முன் போய்விடுங்கள், வந்தபின் அரை மணி நகர முடியாது.

10. நடக்கிற குழந்தை என்றால்

ஒன்றிலிருந்து இரண்டரை வயதுவரை கணக்கே வேறு. இவர்களை முதலில் ஏற்றாதீர்கள். முன்னுரிமை கொடுத்தாலும் கடைசியில் ஏறுங்கள், அதுவரை கேட் பக்கம் ஓடவிட்டுக் களைக்க வையுங்கள். புதிதாக இருப்பதுதான் விளையாட்டுச் சாமான்: ஸ்டிக்கர், சொப்புச் சாமானில் இரண்டு, மூடி திறந்து மூடும் டப்பா. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். சாப்பிட, நல்லெண்ணெய் தடவின மினி இட்லி. சட்னி இல்லாமல் இருந்தால் கெடாது, கையிலும் ஒட்டாது. தயிர்சாதமும் கடலையும் வேண்டாம், ஒன்று கொட்டும், மற்றது தொண்டையில் சிக்கும். போனில் பாட்டு காட்டலாமா என்றால், காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

11. இறங்கிய பிறகு

எல்லோரும் இறங்கட்டும், நீங்கள் கடைசியில் எழுந்திருங்கள். பையை இறக்கித் தர அப்போது பணியாளர்களுக்கு நேரம் இருக்கும். குடியேற்ற வரிசையில் குடும்பங்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி, சிங்கப்பூருக்கு இரண்டரை மணி வித்தியாசம்தான், இரண்டு நாளில் சரியாகும். அமெரிக்கா என்றால் இரவும் பகலும் புரண்டுவிடும், ஒரு வாரம் ஆகலாம். காலை வெயிலில் குழந்தையை வெளியே காட்டுங்கள், இரவில் விழித்தால் விளக்கைப் போட்டு விளையாட்டுக் காட்டாதீர்கள்.

ஒரு வேலை மட்டும் உங்களுடையதல்ல, உங்கள் கணவருடையது. அமீரகத்தில் 4 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கார் சீட் இல்லாமல் ஏற்றினால் 400 திர்ஹம் அபராதம். அழைக்க வருகிறவர் அதை முந்தின நாளே வாங்கி, பின்சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தி, பெல்ட் இழுத்துப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு நீங்கள் சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.